நல்ல பையனாப் பார்த்து

ஆள் இல்லீங்கக்கா, உட்காருங்க. என்ற பையன் முன்னாடி சீட்டுல இருக்கான். நீலச் சட்டை போட்டு, ஜன்னக் கம்பியில தலைய சாச்சுத் தூங்குறானே, அவன்தான். பக்கத்துல உட்காருடான்னா மாட்டேன்னுட்டான். பத்தொம்பது வயசாச்சு, அம்மா பக்கத்துல உட்கார வெக்கம் போல. நானும் சரின்னு பின்னாடி வந்துட்டேன். இங்கிருந்து பார்த்தா அவன் தலை தெரியுது, எனக்கு அது போதும்.

ஓசூருக்குத்தானுங்க. நீங்களும் அங்கதானா? நல்லதாப் போச்சு. திருப்பூர்ல வெடியால அஞ்சு மணிக்கு ஏறுனோம், சேலத்துல இந்த பஸ் மாறுனோம். எனக்கு ஓசூரு எந்தத் திசைன்னுகூடத் தெரியாது. என்ற தம்பி சம்சாரத்தோட அண்ணன் அங்க ஒரு கம்பெனியில சூப்பர்வைசரா இருக்காரு. அவரு சொல்லித்தான் தரணிக்கு வேலை. தரணிதரன்னு பேரு, நாங்க தரணின்னுதான் கூப்பிடறது. வேலை கெடைச்சிருச்சு, தங்கறதுக்குத்தான் வழியில்ல. கம்பெனி ரூம்ல எட்டுப் பசங்க இருக்காங்களாம். எட்டும் எட்டு விதமா இருக்கும். இந்தத் தடவை அவனுக்குச் சேர்க்கை தப்பாப் போச்சுன்னா ஆளு தப்ப மாட்டான்னு மையத்து டாக்டரம்மா மூஞ்சிக்கு நேராச் சொல்லிருச்சுங்க.

என்ன மையம்னு கேக்கறீங்களா? உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க யாரோ நான் யாரோ. ஊருல சொன்னா நாளைக்கே அவனுக்குப் பொண்ணு கெடைக்காது. மாத்திரைப் பழக்கத்த விட வெக்கற மையம். மூணு மாசம் இருந்துட்டு, நேத்துத்தான் கூட்டியாந்தேன்.

என்ற பையன் கெட்டவன் இல்லீங்கக்கா. அத மொதல்ல நீங்க தெரிஞ்சுக்கணும். ப்ளஸ் ஒன் பாதியில படிப்பு ஏறலன்னு நிறுத்திட்டு, பனியனுக்கு பிரிண்டிங் அடிக்கிற பட்டறையில சேர்த்தோம். பதினாறு வயசு அப்ப. அங்க நாலு பசங்க, எல்லாம் இவனுக்கு மூத்தவனுக. மொதல்ல வாயில அதக்கற பொட்டலம், அப்புறம் வலி மாத்திரை. இதப் போட்டா கையி வலிக்காதுடா, ரெண்டு ஷிப்டு நின்னு பார்க்கலாம்னு சொல்லியிருக்கானுக. இவன் வேண்டாம்னிருக்கான். அம்மா புள்ள, அம்மா புள்ளன்னு பட்டறை பூராக் கிண்டல். மத்தியானம் சோறு திங்கறப்பக்கூட இவன விட்டுட்டு அவனுக நாலு பேரும் தனியாப் போய் உட்கார்ந்துக்குவானுகளாம். பத்து நாள் தனியாச் சோறு தின்னிருக்கான் பாருங்க, பதினோராவது நாள் வாங்கிப் போட்டுட்டான். இத அவன் எங்கிட்டச் சொன்னது இப்பத்தான். அப்பவே சொல்லியிருந்தா நான் போயி அவனுக மூஞ்சியக் கீறியிருப்பேன்.

எனக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னுதானே பாக்கறீங்க. நான் பனியன் கம்பெனியில செக்கிங்குக்கா, இருவது வருசமா. ஒரு நூல் விட்டிருந்தாலும், ஒரு சொட்டு எண்ணெக் கறை இருந்தாலும் கண்ணு தானா அங்க போய் நின்னுரும். அவன் பேண்ட்டுல மாத்திரை அட்டை கெடைச்சதுங்க, கெடைக்காம இல்ல. அட்டையப் படிச்சா வலி மாத்திரைன்னு இருக்குது. பாவம், பண்டல் தூக்கற பையன்தானேன்னு எடுத்து டிவி மேல வெச்சேன். நானே கால் வலிக்கு ரெண்டு நாள் அதுல இருந்து போட்டேன். தலை கிறுகிறுன்னு வந்துச்சு, நிறுத்திட்டேன்.

அப்புறம் ஒரு நாள் பட்டறையில சுருண்டு விழுந்துட்டான்னு போன் வந்துச்சு. அப்பத்தான் விசயமே தெரிஞ்சது. அன்னைக்கே அந்த வேலைய விட்டு நிறுத்திட்டேன். எம்பிராய்டரி கம்பெனியில சேர்த்தேன். என்ன கொடுமைன்னா, அங்க இவன் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகல, அங்கயும் ரெண்டு பசங்க அதே மாத்திரையோட மாட்டிக்கிட்டானுக. இவனையும் சேர்த்து வெளியில அனுப்பிச்சுட்டாங்க. மூணாவதா லாரி ஷெட்டு. சின்னப் பையன் ஒருத்தன் அங்க, பதினஞ்சு வயசு, அவனும் அப்படியே. போற எடமெல்லாம் இவனுக்குன்னு அந்த மாதிரிப் பசங்களே வந்து சேர்றானுகக்கா. ஜாதகத்த எடுத்துட்டுப் போனேன். கூட்டாளியால கெடுதல்னு பளிச்சுன்னு இருக்குதுன்னாரு ஜோசியர். பார்த்தீங்களா.

அவங்கப்பாவா? அவரு இருக்காருங்க. குடிப்பாரு, இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஊட்டுல உட்கார்ந்துதான். தரணியத்தான் அனுப்பி வாங்கியாறச் சொல்லுவாரு, கூடப் போயி நிக்கற கூட்டாளியெல்லாம் கெடையாது. தனியாக் குடிக்கிற மனுசன் அவ்வளவாக் கெட்டுப் போறதில்லீங்க. எல்லாம் சேர்க்கையிலதான் இருக்குது.

அதனாலதான் எனக்கு அந்த ரோசனை வந்துச்சு. கெட்ட பசங்ககிட்ட இருந்து பிரிச்சா மட்டும் போதாது, நல்ல பையனாப் பார்த்துச் சேர்த்து விடணும். நல்ல பையன்னு எங்க காம்பவுண்டுல யாரைக் கேட்டாலும் நவநீதனைத்தான் காட்டுவாங்க. எதிர் ஊடு. அவங்கம்மா சாந்தாமணி என் கூட ஒரே டேபிள்ல செக்கிங் பாக்கறவ. புருசன் இல்லாம ஒத்தையா நின்னு வளத்துனா. பாலிடெக்னிக் கடைசி வருசம். டீகூடக் குடிக்க மாட்டான்க்கா, சூடாப் பால்தான். கண்ணாடி போட்டுக்கிட்டு, கரண்டு போனா காம்பவுண்டுல எல்லா ஊட்டுக்கும் அவன்தான் பியூஸ் போட்டுக் குடுப்பான். நான் போனா எந்திரிச்சு நிப்பான்.

கார்த்திகை பொறக்க நாலு நாள் இருக்கறப்ப சாந்தாமணியக் கேட்டேன். தரணிக்கு ஐயப்பனுக்கு மாலை போடலாம்னு இருக்கறேன், துணைக்கு நவநீயும் போட்டானா ரெண்டும் ஒண்ணா விரதம் இருக்கும், ஒண்ணா மலைக்குப் போயிட்டு வந்துருமேன்னு. நாப்பத்தெட்டு நாள் விரதம்னா சும்மாவா. வெடியால பச்சத் தண்ணிக் குளியல், ஒரு வேளைச் சோறு, வெறுங்காலு, கருப்பு வேட்டி, கெட்ட பழக்கம் ஒண்ணும் ஆகாது. அவ யோசிச்சா. பரீச்சை இருக்குதேன்னு இழுத்தா. சாப்பாட்டு நேரத்துல அத்தனை பேர் முன்னாடி அவ கையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டேன்க்கா. சாமி காரியம்னு கேட்டு எப்படி மாட்டேங்கறது? அதுவும் பத்துப் பேரு பாக்கறப்ப? சரின்னுட்டா.

மாத்திரை சமாச்சாரம் அவகிட்டச் சொன்னீங்களான்னா, சொல்லலீங்க. சொன்னா அனுப்புவாளா? நீங்கன்னா அனுப்புவீங்களா? பையன் கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கறான், நவநீயப் பார்த்துத் திருந்துவான்னு மட்டும் சொன்னேன். அது பொய்யில்லையே.

குருசாமி கையால ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல மாலை போட்டாங்க. கன்னிசாமிக ரெண்டு பேரும். எங்க மொட்ட மாடியில தகர சீட்டு போட்ட ரூம் ஒண்ணு இருக்குது, அத வெள்ளையடிச்சுக் குடுத்தேன். பொம்பளைக பொழங்கற ஊட்டுல வேண்டாம், தனியா மேல சுத்தமா இருங்க சாமின்னு. மாலை போட்டதும் பெத்த புள்ளையா இருந்தாலும் சாமிதானுங்களே. வாடா போடான்னு பேசக் கூடாது, திட்டக் கூடாது, அவங்க பாய் தலகாணி பைய நாம தொடக் கூடாது. மாடிப்படி ஏறக்கூட மாட்டேன் நான். சோத்த மூடி படியில வெச்சுட்டு, சாமி சரணம்னு குரல் குடுத்துட்டு வந்துருவேன். எங்கம்மா காலத்துல இருந்து அப்படித்தான். சாமிகிட்டப் போயி உன்ற பைய தொற பாக்கலாம்னு எந்தப் பொம்பளை கேட்பா?

மொத வாரம் எனக்கு இருந்த சந்தோசம் சொல்ல முடியாதுங்கக்கா. ரெண்டும் ஜோடியா பஜனைக்குப் போகுது, ஜோடியா வருது. நவநீ பாட்டு வேற பாடுவான். ரெண்டாவது வாரத்துல இருந்து ரெண்டும் ரொம்ப அமைதியாப் போச்சு. கண்ணைச் செருகிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். கூப்பிட்டா ரெண்டு நிமிசம் கழிச்சுத்தான் திரும்பும். தியானம்னு நெனைச்சேன். நெத்தியில மட்டுமில்ல, முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் சந்தனம் பூசிக்கிட்டு வருவானுக. பாருங்கடி, என்ற மகனுக்கு என்னா பக்தின்னு டேபிள்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். சாந்தாமணியும் சந்தோசப்பட்டா. பரீச்சையில ரெண்டு பேப்பரு நவநீ எழுதவே போகலன்னு அவளுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு.

கடைசி ஒரு வாரம் நவநீ வலது கையத் துண்டுல சுத்தி வெச்சிருந்தான். என்ன சாமி கையிலன்னு கேட்டேன். தண்ணிக் கொடம் எடுக்கறப்ப சுளுக்கிருச்சுன்னான். தைலம் குடுத்தேன். சந்தனத்துக்கு மேலயே தடவிக்கிட்டான்.

மலைக்குக் கெளம்பற அன்னைக்கு கோயில்ல இருமுடி கட்டறாங்க. தேங்காயில நெய்ய ஊத்தி, சொந்தக்காரங்கெல்லாம் ஒரு கை அரிசி போட்டு, கட்டைக் கட்டித் தலையில ஏத்தி விடுவாங்க. சாமி ரெண்டு கையாலயும் கட்டைப் புடிச்சுக்கணும். நவநீக்கு ஏத்தி விட்டாரு குருசாமி. இடது கை மேல வந்துச்சு, வலது கை வரல. புடிங்க சாமி, புடிங்க சாமின்னு சொல்றாரு, கை தூக்க முடியல. அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துட்டான். தொட்டா அனலாக் கொதிக்குது. குருசாமி ஈரத்துணி எடுத்து அந்தச் சந்தனத்தத் தொடைச்சாரு. அய்யோ, அத ஏன் கேக்கறீங்க. கையி தொடை கனத்துக்கு வீங்கி, கருப்பாவும் செகப்பாவும் புள்ளி புள்ளியா. சாந்தாமணி கத்தலீங்க. கையப் பார்த்துட்டு அப்படியே நின்னா. அவ அப்ப நின்ன நெலையத்தான் என்னால மறக்க முடியல.

மாத்திரைய ஊசியில ஏத்தியிருக்கானுக. வாயில போட்டுப் பத்தாமப் போயி ஊசிக்கு வந்துட்டானுக. நவநீ மாலையக் கழட்டி அங்கிருந்தே கார்ல கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. தரணி முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். அவன் கைய யாரும் பார்க்கல. நானும் காட்டச் சொல்லல. விரதம் இருந்துட்டு மலைக்குப் போகாம பாதியில நிறுத்துனா தெய்வக் குத்தமாயிரும்னு அவனை மட்டும் வண்டியேத்தி விட்டேன். நவநீ கூடப் போறேன்னு அடம் புடிச்சான். நான்தான் புடிச்சுத் தள்ளி ஏத்தி விட்டேன்.

சாயங்காலம் மாடிக்குப் போனேன். நாப்பத்தெட்டு நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் அந்தப் படி ஏறுனேன். சாமி படத்துக்குப் பின்னாடி ஒரு மஞ்சப்பை. ஊசி, காலி அட்டை, இன்னும் என்னென்னமோ. கூட்டி வாரி எல்லாத்தையும் கொண்டு போயி ஓடையில போட்டேன். கை கழுவிட்டு வர்றேன், சாந்தாமணி போன் பண்றா. டாக்டரு கேக்கறாரு, பையன் என்னத்த ஏத்துனான்னு தெரிஞ்சா வைத்தியத்துக்கு ஆகும்கறாரு, மாடியில ஏதாச்சும் கெடக்குதா பாருன்னா. அழுகற கொரல்ல கேட்டா.

ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன்.

மாலையோட மலைக்குப் போயிக்கிட்டிருக்கான் என்ற பையன். அந்த நேரத்துல அவன் பேரு கெட்டுப் போனா? போலீசு வந்தா? நீங்களே சொல்லுங்க, ஒரு தாய் வேற என்ன செய்வா? மூணாவது நாள் நவநீக்கு முழங்கைக்குக் கீழ கையி எடுத்துட்டாங்க. நீ அன்னைக்கே சொல்லியிருந்தா என் மகனுக்குக் கை இருந்திருக்கும்கறா அவ. டாக்டரு அப்படிச் சொல்லலீங்க. நான் சொல்லியிருந்தாலும் எடுத்துத்தான் இருப்பாங்கன்னும் சொல்லல, அது வேற விசயம்.

ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு என்ற ஊட்டு வாசல்ல வந்து நின்னா. உள்ள வான்னேன், வரல. சண்டை புடிப்பா, மண்ணை வாரித் தூத்துவான்னு நான் மனசத் திடப்படுத்திக்கிட்டு நின்னா, அவ மெதுவாப் பேசறா.

“நீ கேட்டேன்னுதானே பூங்கொடி அனுப்புனேன்.”

அவ்வளவுதான். அப்புறம், எழுதறதும் திங்கறதும் வலது கையிலதான் அவன், வலது கையில அவனே எப்படி ஊசி போட்டிருப்பான்னு டாக்டரு கேட்டாருன்னு சொல்லிட்டுப் போயிட்டா. எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கேனா? இப்ப டேபிள் மாத்தி வாங்கிட்டுப் போயிட்டா. நான் கழிச்சுப் போட்ட பீஸகூட அவ கையில தொடறதில்ல. என்னமோ நான் ஊசி குத்துன மாதிரி. எனக்கும் வயிறெரியுதுக்கா. அந்தப் பையனை நினைச்சா எனக்குச் சோறு எறங்காது. ஆனா ஒரு விசயம் யோசிச்சுப் பாருங்க. அவன் நெசமாலுமே நல்ல பையனா இருந்தா என்ற மகனைத் திருத்தியிருக்கணுமில்ல? நல்லவன்னு நம்பித்தானே சேர்த்தேன். உள்ளுக்குள்ள என்ன ஓட்டை இருந்துச்சோ யாரு கண்டா. கடைசியில என்ற பையன் ஊசி வரைக்கும் போனது அவன் கூட இருந்தப்பத்தானே? அதுக்கு முன்னாடி வெறும் மாத்திரைதான்.

தரணி மலையில இருந்து வந்து, கை எடுத்த சமாச்சாரம் கேட்டு, ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாமக் கெடந்தான். மூணாவது நாள் தானாவே என்னை எங்கயாச்சும் சேர்த்து விடும்மான்னான். அப்படித்தான் மையத்துல சேர்த்தேன். அங்க ஒரு நாள் பெத்தவங்களையும் வரச் சொல்லி வட்டமா உட்கார வெச்சுப் பேசச் சொன்னாங்க. எல்லாத் தாய்மாரும் அழுதுக்கிட்டே ஒரே மாதிரித்தான் சொல்றோம், சேர்க்கை சரியில்லீங்க டாக்டரம்மா, சேர்க்கை சரியில்லீங்கன்னு. பன்னெண்டு பேரும் அதேதான். இவன் முறை வந்துச்சு. எந்திரிச்சான், என்னைப் பார்க்கல, தரையப் பார்த்துக்கிட்டே சொன்னான்.

“நவநீக்கு நான்தான் போட்டு விட்டேன். அவன் வேண்டாம்னான். நான் அவன் கூடப் பேசாம இருந்தேன், பத்து நாள்.”

நான் பதறி எந்திரிச்சுட்டேன். அப்புறந்தான் யோசிச்சேன். கூட்டாளியக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு பழியத் தன் மேல இழுத்துப் போட்டுக்கறான்க்கா. அப்படி எளகுன மனசு அவனுக்கு. சின்னதுல இருந்தே அப்படித்தான், யாரு கண்ணாடிய ஒடைச்சாலும் நான்தான் ஒடைச்சேன்னு போய் நிப்பான். டாக்டரம்மாகிட்ட இதச் சொன்னேன். அது நோட்ட மூடி வெச்சுட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டுச்சு.

நேத்து வந்ததும் வராததுமா நவநீயப் பார்த்து ஒரு வார்த்தை பேசிட்டு வந்தர்றேம்மான்னு நின்னான். எதிர் ஊடுதான், பத்தடி. நான் கதவுக்குக் குறுக்க நின்னுட்டேன். செத்தாலும் விட மாட்டேன், மறுபடி அந்தச் சேர்க்கையே வேண்டாம்னு சொல்லிட்டேன். ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான். அவங்க ஊட்டுக் கதவும் தொறக்கல. அதுல இருந்து எங்கூடப் பேச்சில்ல. அதான் முன்னாடி போயி உட்கார்ந்திருக்கான், வெக்கமெல்லாம் இல்லீங்க, கோவம். தூங்கவும் இல்ல. சும்மா கண்ண மூடியிருக்கான், எனக்குத் தெரியாதா.

பயமா இருக்குதுக்கா. நான் வெளிய இப்படிப் பேசறேன், உள்ளுக்குள்ள நடுங்குது. எனக்கு ஒத்தப் புள்ள. அந்த எட்டுப் பேருல எவன் எப்படியோன்னு நெனைச்சா உயிரே இல்ல. ஒரு நல்ல பையன், ஒரே ஒரு நல்ல பையன் கெடைச்சாப் போதும். அவன் பொழைச்சுக்குவான்.

போன் அடிக்குது பாருங்க, உங்களுதுதான். எடுங்க, எடுங்க, நான் பேசல.

பையனுங்களா? கேக்கக் கூடாதுதான், பக்கத்துல இருக்கறதால காதுல விழுந்துருச்சு. சாப்பிட்டியாம்மான்னு கேக்கறானே, எவ்வளவு அருமையா வளத்திருக்கீங்க. ஓசூர்லயேவா வேலை? பஸ் ஸ்டாண்டுக்கு வர்றானா உங்களக் கூட்டிட்டுப் போக? என்ன வயசாகுது? இருபத்திரெண்டா. தனியா ரூம் எடுத்துச் சமைச்சுச் சாப்பிடறானா. கெட்ட பழக்கம் எதுவும் இருக்காது, கொரலக் கேட்டாலே தெரியுது.

அக்கா, ஒண்ணு கேட்டாத் தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த ரூம்ல இன்னொரு பாய் போட எடம் இருக்குமா? வாடகையில பாதி தரணி குடுத்துருவான். பாத்திரம் கழுவுவான், துணி தொவைப்பான், ஒரு தொந்தரவு இருக்காது. உங்க பையன் கூட ஒரு ஆறு மாசம் இருந்தான்னா அவன் ஆளே மாறிருவான். உங்க காலு வேண்ணாலும் புடிச்சுக்கறேன். இவ்வளவு பேரு பஸ்ஸுல இருக்கறப்ப நீங்க என் பக்கத்துல வந்து உட்கார்ந்தீங்களே, அந்த ஐயப்பன்தான் அனுப்பிச்சிருக்கான்.

தரணி, டேய் கண்ணு, எந்திரி. இப்படித் திரும்பு. இந்தப் பெரியம்மாவோட பையன் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றானாம்.

ஏனுங்கக்கா, எந்திரிச்சுட்டீங்க? ஓசூருக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்னு கண்டக்டர் சொன்னாரே. அங்க முன்னாடி சீட்டே இல்லீங்களே, நின்னுக்கிட்டா வரப் போறீங்க? அக்கா, உங்களத்தான். அந்தப் பையன் நம்பரையாச்சும் சொல்லிட்டுப் போங்க.